கையால் செய்த மீன் கத்தி: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

வஞ்சிரத்தைத் துண்டு போட அரிவாள்மனையே போதும். கொடுவாவையோ பாறையையோ முள்ளில்லாமல் இரண்டு பக்கச் சதையாகப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால்தான் மெல்லிய, வளைந்து கொடுக்கிற ஃபில்லட் கத்தி தேவைப்படுகிறது. இதைப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கியவர்களும் வீட்டிலேயே பழைய வாள் பட்டையைத் தேய்த்துச் செய்தவர்களும் சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான்: “இரும்பு சரியில்லை.” கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தால் இரும்பு நன்றாகவே இருக்கும். கோளாறு தடிமனிலோ, பதத்திலோ (காய்ச்சித் தோய்த்து எஃகுக்கு ஏற்றுகிற உறுதி), வாயிலோ (வெட்டுகிற ஓரம்) இருக்கும். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு மனிதர் உலை முன்னால் நின்று அடித்துக் கொடுத்த கத்தியை, காரணம் தெரியாமல் பரண்மேல் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஃகு எவ்வளவு சுலபமாக வளையும் என்பது அதன் தடிமனைப் பொறுத்தது. வளைந்தது திரும்ப நிமிருமா என்பது அதன் பதத்தைப் பொறுத்தது. காய்ச்சித் தோய்த்துப் பதம் மாற்றுவதால் ஒரு கத்தி வளைவதற்குக் காட்டும் விறைப்பு மாறாது. நிறையப் பேர் இங்கேதான் குழம்பி, வளையாத கத்தியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் “பதத்தை இளக்கிக் கொடுங்கள்” என்கிறார்கள். இளக்கிய பிறகும் அது அதே விறைப்போடுதான் இருக்கும். ஒரு நாள் கொஞ்சம் அழுத்தியதும் கோணலாகி அப்படியே நின்றுவிடும்.

கத்தி வளையவே மாட்டேன் என்கிறது

வெர்னியர் இருந்தால் முதுகின் தடிமனை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: பிடிக்குப் பக்கத்தில், நடுவில், நுனிக்கு இரண்டு அங்குலம் முன்னால். ஏழெட்டு அங்குலக் கத்திக்குப் பிடியருகே 2 மி.மீ. அளவிலும் நுனிப் பக்கம் 1 மி.மீ. அளவிலும் இருந்தால் நல்லது. அடித்துச் செய்த கத்திகளில் இது மூன்று, மூன்றரை என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். லாரியின் வில் பட்டையில் அரிவாள் செய்து பழகிய கைக்கு, இவ்வளவு மெல்லியதாக ஒன்றைச் செய்ய மனம் வராது. அது இயல்புதான். ஆர்டர் கொடுக்கும்போதே தடிமனை எண்ணாகச் சொல்லிவிடுங்கள்.

தடிமனைக் குறைப்பதில் ஒரு கணக்கு உண்டு. விறைப்பு தடிமனின் மும்மடியாக மாறும். 2 மி.மீ. கனத்தை 1.6 ஆக்கினாலே விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் ஒரேயடியாகத் தேய்த்துவிடாதீர்கள். கொஞ்சம் தேய்த்து, ஒரு மீனில் பார்த்து, மறுபடி கொஞ்சம் தேய்க்க வேண்டும். பதமேற்றிய கத்தியை மிஷினில் தேய்க்கும்போது கையுறை போடாமல், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். விரலுக்குச் சுடுகிறது என்றால் நிறுத்த வேண்டும். எஃகில் நீல நிறம் வந்துவிட்டால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது, அங்கே பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

வளைகிறது, ஆனால் நிமிர மறுக்கிறது

நுனியை மரப்பலகையில் ஊன்றி மெதுவாக அழுத்துங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், உடைந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. இருபது முப்பது டிகிரி வளைத்துவிட்டால் கத்தி நேராகத் திரும்பி வர வேண்டும். கோணலாகவே நின்றால் பதம் ஏறவில்லை. வாயோரத்தில் அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். பதமேறிய எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும், ஏறாததில் கடித்துப் பிடிக்கும்.

காரணம் இரண்டில் ஒன்று. போதுமான சூட்டுக்குப் போகும் முன்பே தோய்த்திருக்கலாம். அல்லது மெல்லிய தகடு உலையிலிருந்து எண்ணெய்க்குப் போவதற்குள் ஆறியிருக்கலாம். மெல்லிய கத்தி சில நொடிகளில் ஆறிவிடும், எண்ணெய்த் தொட்டி உலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாதாரண கார்பன் எஃகாக இருந்தால் மறுபடி செய்யலாம். காந்தம் ஒட்டாத சூடு வரை காய்ச்சி, அதற்கு மேல் ஒரு பிடி சூடேற்றி (800 டிகிரியைத் தாண்டி), இளஞ்சூடான எண்ணெயில் நுனி கீழே பார்க்க நேராக இறக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம். இவ்வளவு மெல்லிய தகடு தண்ணீரில் விரிசல் விடும்.

தோய்த்ததோடு நிறுத்திவிட்டால் கத்தி கண்ணாடி மாதிரி உடையும். அப்புறம் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் ஒரு முறை அப்படியே செய்ய வேண்டும். கேக் செய்கிற ஓவனே போதும். துலக்கி வைத்த எஃகில் வைக்கோல் நிறம் படியும், அதுதான் அடையாளம். இப்படி வந்த கத்தி, எஃகின் கடினத்தைச் சொல்கிற ராக்வெல் சி அளவில் 56 முதல் 58 வரை இருந்தால் மீன் வேலைக்கு அருமையாக நிற்கும்.

தோய்க்கும்போதே தகடு வளைந்துவிட்டது என்பது இதே வீட்டுப் பிரச்சினை. மெல்லியதாகத் தேய்த்துவிட்டுத் தோய்த்தால் வளையத்தான் செய்யும். கொஞ்சம் கனமாக விட்டுத் தோய்த்து, பதம் வந்த பிறகு மெல்லியதாக்குவதுதான் பாதுகாப்பு. ஏற்கெனவே வளைந்திருந்தால் ஓவனில் வைக்கும்போது ஒரு கனத்த இரும்புப் பட்டையோடு சேர்த்துக் கட்டி, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும்படி நடுவில் ஒரு காசைச் செருகி வையுங்கள். குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்த முயன்று ஒரு நல்ல கத்தியை இரண்டாக உடைத்திருக்கிறேன்.

ஒரே இடத்தில் மடங்குகிறது

நல்ல ஃபில்லட் கத்தி தூண்டில் கம்பு மாதிரி வளையும்: பிடிப் பக்கம் விறைப்பு, நுனியை நோக்கிப் போகப் போக நெகிழ்வு. நடுவில் ஒரு புள்ளியில் முறுக்கிக்கொண்டது போல வளைந்தால், அங்கே தேய்ப்பு ஆழமாக விழுந்திருக்கிறது. அந்த இடத்தை எதுவும் செய்ய முடியாது. அதற்கு முன்னால் நுனி வரை உள்ள பகுதியையும் அதே அளவுக்கு மெல்லியதாக்கினால் வளைவு பரவிவிடும்.

தீட்டியதும் சவரக்கத்தி, இரண்டாவது மீனில் மழுங்கல்

அதிகமாகக் கேட்கிற புகார் இது. காரணங்களும் அதிகம், அதனால் செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

முதல் சந்தேகம் பிசிறு மேல். தீட்டும்போது வாயின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி போல உலோகம் ஒதுங்கி நிற்கும். அது தாளை வெட்டும், மயிரையும் சிரைக்கும். முதல் முள்ளில் பட்டதும் மடங்கிப் படுத்துவிடும். கட்டை விரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக, வாயைத் தாண்டி வெளியே போகும்படி மெதுவாக வருடிப் பாருங்கள் (வாயின் நீளவாக்கில் ஒருபோதும் வேண்டாம்). ஒரு பக்கம் சொரசொரப்பாக இருந்தால் பிசிறு இருக்கிறது. 1000 கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) பக்கத்துக்கு ஒரு இழுப்பு வீதம் மாற்றி மாற்றி, அழுத்தமே இல்லாமல் பத்துப் பதினைந்து முறை இழுத்துவிட்டு, பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் வாய் பின்னால் வரும்படி தடவி முடியுங்கள். முக்கால்வாசி நேரம் இதோடு சரியாகிவிடும்.

இரண்டாவது, எதன்மேல் வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை இவற்றின்மேல் எந்தக் கத்தியும் நிற்காது. புளியமரக் கட்டையோ மிருதுவான பிளாஸ்டிக் பலகையோ வையுங்கள்.

மூன்றாவது, செதிள். சங்கரா, விளைமீன் மாதிரி செதிள் கனத்த மீனில் தோலுக்கு வெளியிலிருந்து உள்ளே வெட்டினால் கத்தியின் வாய் நேராகச் செதிள்மேல் போய் உரசும். செதிளைச் சுரண்டி, மீனைக் கழுவிவிட்டு ஆரம்பியுங்கள். அல்லது நுனியை உள்ளே விட்டு, வாய் மேலே பார்க்க, தோலை உள்ளிருந்து வெளியே கிழித்துக்கொண்டு வாருங்கள். ஒரு கூடை மீனுக்கு மூன்று முறை தீட்டுகிறவர் இதைப் பழகினால் ஒரு முறை தீட்டினால் போதும்.

நான்காவது, தெருவில் சாணை பிடிக்கக் கொடுத்தீர்களா? ஓடுகிற சாணைச் சக்கரத்தில் தண்ணீரில்லாமல் பிடித்தால் வாயோரம் ஒரு நொடியில் நீலமாகிவிடும். மேலே பளபளப்பாகத் தேய்த்துக் கொடுத்திருப்பதால் நிறம் தெரியாது, பதம் மட்டும் போயிருக்கும். பதம்போன ஓரம் பெரும்பாலும் அரை மி.மீ., ஒரு மி.மீ. அளவுதான். 400 கல்லில் அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே நல்ல எஃகு காத்திருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மழுங்கினால், கத்தி எதிலிருந்து செய்யப்பட்டது என்று கேளுங்கள். மர அறுவை மில்லின் பட்டை வாளை வெட்டி, உலை காட்டாமல் தேய்த்து மட்டும் செய்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். அந்த வாள் நாளெல்லாம் இரண்டு சக்கரத்தைச் சுற்றி வளைந்து ஓட வேண்டும், அதன் பல்லை இடமும் வலமும் வளைத்து வைக்க வேண்டும். அதற்காகவே கொஞ்சம் இளகிய பதத்தில் விட்டிருப்பார்கள். கத்தியாக்கினால் வில் மாதிரி அழகாக வளையும், கூர் மட்டும் நிற்காது. இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு மீன் வெட்டுகிற வீட்டில் இரண்டு நிமிடம் தீட்டிக்கொண்டு காலம் முழுக்க வைத்திருக்கலாம். தினமும் மீன் வெட்டுகிறவருக்குத்தான் முன்னே சொன்னபடி மறுபடி தோய்த்துத் தர வேண்டும்.

வாயில் பல் பல்லாகப் பெயர்கிறது

நடுமுள்ளை இந்தக் கத்தியால் கொத்தினீர்களா என்பதுதான் முதல் கேள்வி. நம் வீடுகளில் மீன் வெட்டுவது என்றாலே முள்ளோடு குறுக்கே துண்டு போடுவதுதான். அந்தப் பழக்கத்தில் கை தானாகவே நடுமுள்மேல் இறங்கிவிடும். ஃபில்லட் கத்தி முள்ளை ஒட்டி வழுக்கிப் போவதற்காகச் செய்யப்பட்டது. தலையை எடுக்கவும் முள்ளை வெட்டவும் அரிவாள்மனையையோ கனத்த வெட்டுக்கத்தியையோ வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர்களும் தலைக்கும் முள்ளுக்கும் தடித்த தேபா, சதையைச் சீவ நீண்டு மெலிந்த யானகிபா என்று வேலையை இரண்டு கத்திக்குப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

முள்ளைக் கொத்தாமலேயே பெயர்கிறது என்றால் வாயின் கோணம் மிகவும் ஒல்லியாக இருக்கலாம். பக்கத்துக்கு 15 டிகிரி நல்ல தொடக்கம். 20 மி.மீ. அகலக் கத்திக்கு முதுகைக் கல்லிலிருந்து 5 மி.மீ.க்குச் சற்று மேலே தூக்கினால் அந்தக் கோணம் வரும். மூன்று பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம். கோணம் சரியாக இருந்தும் பெயர்ந்தால் தோய்த்த பின் பதம் இறக்காமல் விட்டிருக்கிறார்கள். ஓவனில் 200 முதல் 220 டிகிரி வரை வைத்து எடுங்கள். ஹாக்சா மிஷினின் பெரிய பிளேடிலிருந்து செய்த கத்தியாக இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அது ஹைஸ்பீடு எஃகு, கூர் அபாரமாக நிற்கும், வளைத்தால் முறியும். அதை விறைப்பான கத்தியாகவே பயன்படுத்துங்கள்.

முள்ளில் சதை நிறைய ஒட்டிக்கொள்கிறது, கத்தி ஒரு பக்கமாக இழுக்கிறது

ஒரு பக்கத்தில் சுத்தமாக வந்து மறுபக்கம் திருப்பியதும் சதைக்குள் ஏறிக்கொண்டு போனால், வாயின் இரண்டு சரிவும் ஒரே அளவாக இல்லை. மார்க்கர் பேனாவால் இரண்டு சரிவிலும் மை பூசிவிட்டுக் கல்லில் இரண்டு இழுப்பு இழுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. ஒரு பக்கம் சரிவு அகலமாகவும் மறுபக்கம் நூலாகவும் தெரிந்தால், நூலாக இருக்கும் பக்கத்தை மட்டும் அதிகம் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

சரிவு சமமாக இருந்தும் சதை மிச்சமாகிறது என்றால் கையைப் பார்க்க வேண்டும். கத்தியின் பக்கவாட்டை விலா முள்மேல் லேசாக அழுத்தி, அது வளைந்து முள்ளோடு படிந்த பிறகு நீளமாக இழுங்கள். கரகரவென்று முள்ளில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். சின்னச் சின்னதாக அறுத்தால் சதை படிக்கட்டு மாதிரி வரும்.

கட்லா, ரோகு வாங்கிவிட்டு “சதைக்குள்ளே முள் நிற்கிறது, கத்தி எடுக்கவில்லை” என்பவர்களுக்கு: கெண்டை இன மீன்களில் சதைக்குள்ளேயே கவட்டைக் கம்பு மாதிரி பிரிந்த முட்கள் தனியாக மிதந்துகொண்டிருக்கும். அவை நடுமுள்ளோடு சேர்ந்து வராது. எந்தக் கத்தியாலும் அதை ஒரே இழுப்பில் எடுக்க முடியாது, கத்தியைக் குறை சொல்ல வேண்டாம்.

தோல் உரிக்கும்போது தோல் அறுகிறது, சதை உதிர்கிறது

வால் பக்கத் தோலைக் கல் உப்பு தொட்ட விரலால் அழுத்திப் பிடியுங்கள். கத்தியைப் பலகையோடு ஏறக்குறைய படுக்கையாக வைத்து அசைக்காமல் பிடித்து, தோலை இடமும் வலமும் ஆட்டி உங்கள் பக்கம் இழுங்கள். வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்தால்தான் தோல் அறுகிறது. தோலை உரிக்கப் போகிறீர்கள் என்றால் செதிளை எடுக்காமல் விட்டாலும் பரவாயில்லை, தோலுக்கு விறைப்பு கிடைக்கும்.

சதை அடுக்கடுக்காகப் பிளந்து உதிர்வது பெரும்பாலும் மீனின் நிலை. பிடித்த சில மணி நேரத்தில் மீன் கட்டை மாதிரி விறைத்திருக்கும், அப்போது வளைத்து நிமிர்த்தினால் சதை பிளக்கும். வெயிலில் கிடந்த மீனும் அப்படித்தான். ஐஸில் வைத்து விறைப்பு இளகிய பிறகு, குளிர்ச்சியாக இருக்கும்போதே எடுங்கள்.

துரு, கருப்பு, மீனில் சாம்பல் கறை

கார்பன் எஃகுக் கத்தியில் நீலம் கலந்த சாம்பல் நிறம் படிவது நல்லது, அது கத்திக்குத் தோல் மாதிரி. அதைச் சபீனா போட்டுத் தேய்த்து வெள்ளையாக்குகிறவர்கள் ஒவ்வொரு முறையும் புது எஃகைக் காற்றுக்குக் காட்டுகிறார்கள். சிவப்பாகத் தூள் உதிர்வதுதான் துரு. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, இளஞ்சூடான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் வைத்துக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவினால் கருமை சீராகப் படியும். எலுமிச்சையோ புளியோ தடவிய மீனைப் புதுக் கத்தியால் வெட்டினால் சதையில் சாம்பல் கறை பிடிப்பதும் இந்தக் கருமை இன்னும் வராததால்தான்.

கடல் மீனின் உப்பு எஃகில் ஊசிக் குத்து மாதிரி குழி போடும். வேலை முடிந்ததும் உடனே பச்சைத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். ஆளி விதை எண்ணெய் கத்தியில் காய்ந்து பிசுக்காகிவிடும், தேங்காய் எண்ணெய் காயாது. தோல் உறைக்குள் போட்டுப் பெட்டியில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிடி வழுக்குகிறது, ஆடுகிறது, நாறுகிறது

வழுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வார்னிஷ். 120 உப்புத்தாளால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மரத்தை எண்ணெய் குடிக்க விடுங்கள். ஆளி விதை எண்ணெய்க்கு இங்கேதான் வேலை. அது மரத்துக்குள் இறங்கிக் காய்ந்து நிற்கும். மீனின் கோழையைக் கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு முதலிலேயே கழுவினால் கையும் வழுக்காது.

ஆட்டம் அப்படி விட்டுவிடுகிற விஷயம் இல்லை. மரம் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கும். பூணுக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், மீன் தண்ணீர் உள்ளே இறங்கிப் பிடிக்குள் இருக்கும் வாலை அரிக்கத் தொடங்கும். எவ்வளவு கழுவினாலும் போகாத நாற்றம் வருகிறதென்றால் அது அங்கிருந்துதான் வருகிறது. பிடியை வெந்நீர் ஆவியில் பிடித்தால் எபாக்சி இளகும், கழற்றி விடலாம். அந்தச் சூடு கத்தியின் பதத்தைத் தொடாது. வாலின் துருவை உலோகம் தெரியும்வரை சுரண்டி, மரத்தை நிழலில் நன்றாக உலர்த்தி, இரண்டு டியூப் எபாக்சியைக் கலந்து இடைவெளியே இல்லாமல் நிரப்பிப் பொருத்துங்கள். ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள்.

எஃகில் மட்டும் வாடை இருந்தால் அது சுலபம். கடல் மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது, புளித் தண்ணீரோ எலுமிச்சையோ அதை அடக்கிவிடும். தேய்த்த உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். சுடுதண்ணீரை முதலில் ஊற்றினால் மீனின் புரதம் வெந்து கத்தியில் ஒட்டிக்கொள்ளும்.

விரிசல்

கத்தியைத் தொங்கவிட்டு விரல் நகத்தால் தட்டினால் நல்ல கத்தி கணீர் என்று இழுத்து ஒலிக்கும், விரிசல் உள்ளது சொத்தென்று அடங்கிவிடும். பிடி மாட்டாத கத்தியில்தான் இது நம்பகமாகத் தெரியும். பிடி போட்டதில், மண்ணெண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடி தேய்த்துப் பாருங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் பொடியில் கோடாக ஊறி வரும்.

விரிசலை வெல்டிங் வைத்து ஒட்டித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வளைகிற கத்தியில் ஒட்டுப்போட்ட இடம் உங்கள் கைக்குப் பக்கத்தில்தான் உடையும். விரிசல் நுனிப் பக்கம் இருந்தால் அதற்கு ஓர் அங்குலம் பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டி எடுத்து, மீதியில் புது நுனி தேய்த்துக்கொள்ளலாம். நான்கு அங்குலம் மிஞ்சினாலும் போதும், கிழங்கானைச் சுத்தம் செய்ய அதைவிடக் கைக்கு அடக்கமான கத்தி கிடைக்காது.